செல்வியின் ஒரே ஞாயிறு

போன ஆண்டு தீபாவளிக்கு முந்தைய வாரம் சிங்கப்பூர் போனேன். திருச்சியிலிருந்து நான்கரை மணி நேரம். ஆங் மோ கியோவில் ஒரு வீட்டில் வேலை செய்யும் என் தங்கை செல்வியைப் பார்க்க என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். உண்மையில் ஊர் சுற்றத்தான் போனேன். தன் மார்பில் கட்டி இருப்பதை அவள் என்னிடம் சொல்ல வந்தாள். நான் சொல்ல விடவில்லை.

அவளுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறுதான் விடுப்பு, காலை ஒன்பது முதல் மாலை ஏழு வரை. நான் பட்டியலே போட்டு வைத்திருந்தேன். எம்ஆர்டி ரயில் ஏறி நியூட்டனில் மாறினால் லிட்டில் இந்தியா அரை மணி நேரம், கட்டணமும் இரண்டு வெள்ளிக்குள், அதாவது இரண்டு டாலருக்குள், முடிந்துவிடும். அங்கே தேக்கா சந்தையில் தோசை சாப்பிட்டோம். சிராங்கூன் சாலை முழுக்க விளக்குத் தோரணம், கால் வைக்க இடமில்லை. கோயில் வாசலில் செல்வி என் கையைப் பிடித்தாள்.

“அக்கா, எங்கேயாவது உட்காரலாமா? ஒரு விஷயம் பேசணும்.”

“மூணு மணிக்குப் பூந்தோட்டத்துக்கு டிக்கெட் போட்டிருக்கு. போற வழியில பேசலாம், வா.”

ரயிலில் ஒரே நெரிசல். லிட்டில் இந்தியாவில் ஏறுகிறவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியும். அவர்கள் காதுபட அவள் எப்படிப் பேசுவாள்? பூந்தோட்டத்தில் கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடியே நின்றாள். படம் நன்றாக வராது, இறக்கு என்று அதட்டினேன். பிரியும்போது என்ன விஷயம் என்று கேட்டேன். ஒன்றுமில்லை, ஊருக்கு வந்து பேசிக்கொள்ளலாம் என்றாள். எனக்கும் அதுவே வசதியாக இருந்தது.

பிறகுதான் எல்லாம் தெரிந்தது. முதலாளியம்மாவிடம் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயமாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் பரிசோதனையில் கர்ப்பமா, தொற்றா என்றுதான் பார்த்தார்களாம். இதை யாரும் கேட்கவில்லை, கூச்சத்தில் இவளும் வாய் திறக்கவில்லை.

அங்கே வேலை செய்யும் பெண்ணைப் பார்க்கப் போகிறவர்கள் அவளது விடுப்பு நாளுக்கு எந்த டிக்கெட்டும் எடுக்காதீர்கள். அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் கல் இருக்கைகள் உண்டு. முதலில் அங்கே உட்கார்ந்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அவள் ஒன்றுமில்லை என்றால் எழுந்துவிடாதீர்கள்.

இந்தப் பங்குனியில் செல்வி ஊர் திரும்பினாள். பரவிவிட்டது என்றார் மதுரை மருத்துவர். இத்தனை மாதம் வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லையா என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

“அக்காகிட்ட சொல்லத்தான் இருந்தேன் டாக்டர். அன்னைக்கு அவங்களுக்கு நேரமில்ல.”

அதைச் சொன்னபோது அவளுக்கு என் மேல் கோபம்கூட இல்லை.