ஷொக்கில் கட்டிய கூடைக் கயிறு

பெரகல சந்தி. அப்பாவின் சாம்பலைக் கதிர்காமத்து மாணிக்க கங்கையில் கரைக்க, அவருடைய பழைய ஜீப்பிலேயே அப்புத்தளையிலிருந்து வருகிறோம். கலயம் அம்மா மடியில். ஒவ்வொரு குழிக்கும் பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போடுகிறது. இனி வெல்லவாய வரைக்கும் வளைவும் இறக்கமும்தான். பயந்துபோய் ஒரு கராஜில் நிறுத்துகிறேன்.

மெக்கானிக் அண்ணன் ஜீப்பின் பின்பக்கத்தை அமுக்கி விடுகிறார். அது நிற்காமல் ஆடுகிறது. அடியில் படுத்துப் பார்த்தவர் அங்கேயே சிரிக்கிறார்.

"தம்பி, இது வண்டியா, தேயிலைக் கொழுந்துக் கூடையா?"

குனிந்து பார்க்கிறேன். குலுக்கலைத் தாங்குகிற ஷொக்கைப் பிடிக்கும் போல்ட்டைக் காணோம். அந்த இடத்தில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கிறது.

"யாரு கட்டுனது?" என்கிறார் அண்ணன்.

"அப்பாதான். வேற யாரையும் தொட விடமாட்டாரு."

அம்மாவும் இறங்கி வந்து பார்க்கிறார். "ஐயோ, என் கூடைக் கயிறு! ஒரு மாசமா தேடுறேன்."

"இதோட எறக்கத்துல போயிருந்தா பள்ளத்துலதாம்மா கெடப்பீங்க," என்கிறார் அண்ணன்.

போன வாரம்கூட தங்கச்சியை இதில்தான் பதுளைக்குக் கூட்டிப்போனேன்.

அம்மா கலயத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறார். "பாவி மனுசா, எங்களையும் கூடவே கூட்டிட்டுப் போகப் பாத்தியா? ஒரு போல்ட்டு போடத் தெரியலயா ஒனக்கு?"

அப்பா நெஞ்சுவலியில் போய்ப் பதினாறு நாள். அம்மா இதுவரை அழவேயில்லை. இப்போது திட்டித் திட்டி அழுகிறார். அண்ணன் புது போல்ட்டை முறுக்கி முடிக்கிற வரைக்கும் நிறுத்தவில்லை.