காதர் பாயும் தவறிய வடக்கும்

எண்ணூர்க் கழிமுகத்தில் காற்றுமானியில் படிந்த சாம்பலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அலுவலகத்திலிருந்து போன் வந்தது. காதர் பாய் காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார்கள். துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். நம் ஆய்வுக்கூடத்துக் கருவிகளை எல்லாம் பொருத்தியவர் அவர். அவருடன் வேலை பார்த்த உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்று பாக்கி இருக்கிறது.

தண்டையார்பேட்டைக்காரர். காற்றைப் பற்றி யார் பேசினாலும் நடுவில் புகுந்துவிடுவார். "காலீல மேக்கால இருந்து அடிச்சா கொடுங்கையூரு குப்பமேட்டு பொக எங்க வூட்டுக்குள்ள கீது. மத்தியானம் கடக்காத்து வந்தா அது திரும்பி ஓடிரும். இதுக்கு இன்னாத்துக்கு இத்தினி மிஷினு?" என்பார். சொல்லிவிட்டு அந்த மிஷினைப் பச்சைக் குழந்தையைப் போலப் போர்த்தித் தூக்கி வருவார்.

நீலகிரியில் ஒரு பள்ளத்தாக்கில் காற்றை அளக்கப் போனோம். பகலில் வெயிலில் சரிவுகள் சூடேறி, காற்று பள்ளத்தாக்கு வழியே மேலே ஏறும். இரவில் குளிர்ந்து கீழே வடியும். எங்கள் கருவியோ பட்டப்பகலில் காற்று கீழே இறங்குவதாகக் காட்டியது. ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டோம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் பேராசிரியருக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன்.

காதர் பாய் சிறிய பலூன் ஒன்றில் வாயுவை நிரப்பிப் பறக்கவிட்டார். அது நிதானமாகப் பள்ளத்தாக்கு வழியே மலையேறும் பக்கமாகப் போனது. "மிஷினு கம்பத்தாண்ட போய் பாக்கலாம் மா" என்றார். கருவியின் காற்றுத் திசைகாட்டியில் வடக்குக் குறி தெற்கே திரும்பியிருந்தது. முந்தைய வாரம் அதைத் தனியாகப் பொருத்தியது நான்தான்.

எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. அந்த மாதம்தான் என் வேலையை நீட்டிப்பதா என்று முடிவு செய்ய இருந்தார்கள். கம்பத்தடியில் உட்கார்ந்து அழுதேன். "புரொபசராண்ட நான் வெச்சேன்னு சொல்லிர்றேன். ரிட்டையராவப் போறவன, இன்னா பண்ணிடுவாங்க?" என்றார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

அவரும் அப்படியே சொன்னார்; பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். வடசென்னைக்காரருக்கே வடக்கு தெரியவில்லை என்று அவருடைய ஓய்வு விழா வரை கேலி செய்தோம். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அவர் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போய், அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அக்கா என்னை உட்காரச் சொல்லிவிட்டுப் பேசினார்.

"என்னாண்ட கூட நான்தான் வெச்சேன்னு சொல்லிக்கினு இருந்தாரு. விழாவுல எல்லாரும் சிரிச்சப்போ எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அவரு இருக்கசொல்லோ வந்து சொல்லியிருக்கலாமே மா."

கோபமே இல்லாமல் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது எந்தக் கருவியைப் பொருத்தினாலும் பக்கத்தில் ஒரு நூலைக் கட்டிக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொள்கிறேன். ஆனால் அவரிடமிருந்து நான் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியது, இத்தனை நாள் அவர் சுமந்த என் தவறுதான். இனி அந்தக் கதையை யாராவது எடுத்தால், என் பெயரைச் சொல்லிச் சிரியுங்கள்.