வான்கோழிக்கு ஒரு கேஸ் ஷீட்

உப்பு என்ற பெயரை அவனுக்கு வைத்தது பெற்றவர்கள் இல்லை, கப்பல்காரர்கள். சரக்குக் கப்பல்களில் பதினாறு வருஷம் சமைத்தவன், எதிலும் உப்பைப் போதுமான அளவு போட்டதே கிடையாது. "வேணும்னா அவங்கவங்க போட்டுக்கட்டும், போட்டதை எடுக்கவா முடியும்?" என்பது அவன் கட்சி. அதை முன்யோசனை என்று அவன் சொல்லிக்கொள்வான். பயம் என்று அவனுடைய அக்கா சொல்வாள்.

அக்கா பெரிய ஆஸ்பத்திரியில் மேட்ரனாக இருந்தவள். அவனைவிடப் பதினைந்து வயது மூத்தவள். அவனுக்கு ஒன்பது வயதாகும்போது அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச்சேர, அவனை வளர்த்து ஆளாக்கியவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் அவனும் நாலு வார்த்தை பேசிக் கணக்கைத் தீர்த்திருப்பான். பதினொரு வருஷத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து அவள் இடுப்பெலும்பை முறித்துக்கொண்டபோது, இரண்டு மாத லீவில் கப்பலைவிட்டு இறங்கி வந்தான். அந்த இரண்டு மாதம் இன்னும் முடியவில்லை.

வீடு மூன்றாவது மாடியில். கூடம், ஒரு படுக்கையறை, குளியலறை எல்லாம் ஒரே மட்டம். கட்டியவனுக்கு யார்மேல் என்ன கோபமோ, சமையலறைக்கு மட்டும் இரண்டு படி இறங்க வேண்டும். நாலு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு அக்கா நாற்காலியிலிருந்து கட்டிலுக்குப் போவாள், குளியலறைக்குப் போவாள். படி மட்டும் ஆகாது. "படின்னாலே கால் நடுங்குதுடா" என்று முதல் வருஷம் சொன்னாள். அன்று முதல் அது அந்த வீட்டின் சட்டமாகிவிட்டது. ஒரு வாய் தண்ணீர் வேண்டுமென்றாலும் அவன்தான் இறங்கி ஏற வேண்டும்.

நாற்காலிக்குப் பக்கத்தில் முக்காலியில் ஒரு பித்தளை மணி இருக்கும். ஒரு தடவை அடித்தால் தண்ணீர். இரண்டு தடவை என்றால் ஜன்னல் திரை. மூன்று தடவை அடித்தால் சும்மா. அந்தச் சும்மாதான் ஒரு நாளைக்கு எட்டுப் பத்து தடவை வரும். ஓடி வந்து "என்னக்கா?" என்பான். "ஒண்ணுமில்ல, சத்தத்தையே காணோமேன்னு பார்த்தேன்" என்பாள். சமையலறை ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவரும் அதில் இறங்கும் மூன்று குழாய்களும் தெரியும். கடல் முழுக்கப் பார்த்துத் திரிந்தவனுக்குப் பதினொரு வருஷமாக அந்த மூன்று குழாய்கள்தான் காட்சி. சில நாள் அவனுக்கு மூச்சு முட்டும். இருந்தும் கேட்பவர்களிடம் எல்லாம், "என்ன செய்ய, அக்காவுக்குப் படி இறங்க முடியலையே" என்று ஒரே பதிலைத்தான் சொல்வான்.

கூட வேலை பார்த்த இன்ஜின் ரூம்காரர்தான் இதைக் கலைத்தவர். லீவில் வந்தபோது ஒரு ஸ்லோ குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்து சமையலறை மேடையில் வைத்தார். எங்கள் கப்பலில் சமையல்காரர் இடம் காலியாக இருக்கிறது, ஏழு மாத ஒப்பந்தம், கேப்டனுக்கு உன் பெயர் ஞாபகம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை மெடிக்கல், பாஸானால் திங்கள் காலை கப்பல் என்று மூச்சுவிடாமல் சொன்னார்.

"அக்காவுக்கு மதியச் சாப்பாடு?" என்றான் உப்பு.

"அதுக்குத்தான்யா இது. காலைல போட்டு மூடிட்டுப் போ. தானா வேகும். உங்க கீழ்வீட்டம்மா வந்து எடுத்து வெச்சுட்டுப் போறாங்க. ஏழு மாசம் எப்படின்னு அப்புறம் யோசிக்கலாம், முதல்ல ஆறு மணி நேரம் வெளியில இருந்து பாரு. என்ன, வேற சாக்கு இருக்கா?"

வேற சாக்கு இல்லை. அக்காவிடம் சொன்னபோது, அவள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தான். "போயிட்டு வா. டாக்டர் என்ன சொல்றார்னு பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அவளுடைய கை மட்டும் மணியைத் தடவிக்கொண்டிருந்தது.

கொழுப்பில்லாத கறிதான் சாப்பிட வேண்டும் என்று அக்காவுக்கு டாக்டர் சொல்லியிருந்ததால், உப்பு வான்கோழி நெஞ்சுக்கறி ஒன்று வாங்கி வந்தான். கல் மாதிரி உறைந்திருந்ததை இரண்டு நாள் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளகவிட்டான். வெள்ளிக்கிழமை காலை ஈரத்தை ஒற்றி எடுத்து, தோலுக்கு அடியில் விரலை விட்டு வெண்ணெயும் பூண்டும் மிளகும் தடவினான். பாத்திரத்தின் அடியில் வெங்காயமும் காரட்டும் உருளைக்கிழங்கும் பரப்பி, அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, தோல் மேலே தெரியும்படி கறியை வைத்தான். உப்பு மட்டும் வழக்கம்போலக் குறைவு. எட்டு மணிக்கு மூடிபோட்டுக் குறைந்த சூட்டில் திருகிவைத்தான். ஒன்றரைக்குள் வெந்துவிடும். கறியில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டரைக் கழுவி ஆணியில் மாட்டினான்.

"இதுல ஒரே ஒரு விஷயம்தான்கா. மூடியைத் திறக்கக்கூடாது. ஒரு தடவை திறந்தா அரைமணி நேரச் சூடு போயிடும். கீழ்வீட்டம்மாகிட்டயும் சொல்லிட்டேன், ஒன்றரைக்கு வந்து திறந்தா போதும்னு."

"அப்புறம் வேகுதா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"நம்பணும்."

"நல்லா நம்பினே போ" என்றாள் அக்கா. முப்பத்துமூன்று வருஷம் வார்டில் யாரையும் நம்பாமல் சம்பளம் வாங்கியவள்.

எட்டேகாலுக்கு வீட்டைவிட்டு இறங்கினான். வெளியே வந்ததும் சிறகு முளைத்துவிடும் என்று பதினொரு வருஷமாக நினைத்திருந்தவனுக்கு, தெருமுனைக்குள்ளேயே கால் கனத்தது. முதல் பஸ்ஸைக் கூட்டம் என்று விட்டான். இரண்டாவது பஸ்ஸில் கூட்டமில்லை; அதையும் விட்டான். மூன்றாவதில் நடத்துநரே "ஏறுய்யா" என்று அதட்டியதால் ஏறினான்.

துறைமுக அலுவலகத்தில், ஜன்னல் இல்லாத ஒரு நீண்ட அறையில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் எல்லாம் இருபத்தைந்து வயதுக்காரர்கள். இப்போது கப்பலில் அடுப்பெல்லாம் தொடுதிரையாம், சாப்பாட்டுப் பட்டியலைக் கம்பெனியே கம்ப்யூட்டரில் அனுப்புமாம் என்று பேசிக்கொண்டார்கள். புயலில் பாத்திரத்தைக் கட்டிவைத்துச் சமைத்த அந்த ஆள் இன்னும் தனக்குள் இருக்கிறானா என்று உப்பு யோசித்தான். இல்லாவிட்டால் இருபது பேருக்கு முன்னால் ஏழு மாதம் அசிங்கப்பட வேண்டும். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்தபோது, எங்கேயாவது ஒரு சின்னக் கோளாறு இருக்கட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டான்.

"நல்ல உடம்பு. இன்னும் பத்து வருஷம் ஓட்டலாம்" என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அந்தக் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினான். வழி முழுக்கச் சாக்குத் தேடினான். அக்காவின் காலை நினைத்ததும்தான் நெஞ்சு லேசானது. படி இறங்க முடியாதவளை விட்டுவிட்டு யார் போவார்கள்?

வீட்டுக்கு வரும்போது மணி இரண்டேகால். அக்கா அவன் விட்டுப்போன அதே நாற்காலியில், முழங்காலில் அதே போர்வையோடு உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பிட்டியா?"

"கீழ்வீட்டம்மா ஒன்றரைக்கு வந்து கத்தியை விட்டுப் பார்த்துச்சு. நடுவுல இன்னும் வேகலையாம். நீ வந்து பார்க்கட்டும்னு மூடிட்டுப் போயிடுச்சு" என்றாள் அக்கா.

ஆறு மணி நேரமாக வேகாத கறியா? உப்பு இரண்டு படி இறங்கிச் சமையலறைக்குள் போனான். தெர்மாமீட்டர் ஆணியில் இல்லை, மேடையில் இருந்தது. பக்கத்தில் அக்கா நோயாளிகளின் நிலையைக் குறித்துவந்த பழைய வார்டு அட்டை, கிளிப்பில் ஒரு வெள்ளைத் தாள், மூடிபோட்ட பேனா. தாளின் தலைப்பில் "வான்கோழி, நெஞ்சு" என்று இருந்தது. கீழே அந்த நிமிர்ந்த, ஒரு புள்ளி தவறாத கையெழுத்து.

எட்டரை, பத்தொன்பது டிகிரி, நிறம் வெளிர். ஒன்பது, இருபத்தாறு, மாற்றமில்லை. பத்தரைக்கு லேசான வியர்வை. பதினொன்றுக்கு, "உப்பு போதாது. சேர்க்கப்பட்டது." பன்னிரண்டுக்கு அறுபத்தொன்று, வாசனை திருப்தி. அப்படியே அரைமணிக்கு ஒரு வரியாகப் போய், கடைசி வரி இரண்டு மணிக்கு: "அறுபத்தெட்டு. நிலைமை சீராக உள்ளது."

கறி வேகாததற்குக் காரணம் புரிந்துவிட்டது. எழுபத்துநாலு வந்தால்தான் வான்கோழி வெந்த கணக்கு. ஒவ்வொரு அரைமணிக்கும் மூடியைத் திறந்து குத்திக் குத்திப் பார்த்தால் சூடு எங்கே நிற்கும்? சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. அவன் திரும்பி அந்த இரண்டு படிகளைப் பார்த்தான். தாளில் இருந்த வரிகளை எண்ணினான். பன்னிரண்டு.

அட்டையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு ஏறினான்.

"அக்கா, இது என்ன?"

அக்காவின் முகம் வெளுத்தது. மறைத்து வைக்க அவளுக்குத் தோன்றவே இல்லை. எழுதியதை நோயாளியின் பக்கத்தில் வைத்துவிட்டு வருவதுதான் அவள் பழக்கம்.

"கேஸ் ஷீட்."

"பன்னெண்டு தடவை இறங்கி ஏறியிருக்கே."

"சுவரைப் பிடிச்சுக்கிட்டுத்தான்."

"எத்தனை நாளா?"

அவள் போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தாள். "மூணாவது வருஷத்துலேர்ந்து."

எட்டு வருஷம். எட்டு வருஷத்தில் அந்த மணிக்கு எத்தனை தடவை ஓடியிருப்பான்!

"ஏன்கா சொல்லலை? என்னை இப்படிக் கட்டிப்போட்டியே!"

"சொன்னா நீ போயிருப்பே. எனக்குத் தனியா இருக்கப் பயம்டா. போதுமா?" குரல் உடைந்தாலும் அவள் விடவில்லை. "நான் சொல்லலை, சரி. நீ ஏன் கேக்கலை? ராத்திரி சர்க்கரை டப்பாவை நான் இறுக்கி மூடிட்டு வருவேன். நீ காலைல திறக்க முடியாம திட்டறது இங்க கேக்கும். நம்ம ரெண்டு பேர்தானே வீட்டுல? யாரு மூடினதுன்னு ஒரு நாளாவது கேட்டியா?"

டப்பா மட்டுமா? தேய்ந்துபோன அவளுடைய செருப்பு, அவன் கடைக்குப் போய்வரும்போது மேடையில் ஈரமாக இருக்கும் டம்ளர், எல்லாவற்றையும் கண்டும் காணாமல்தான் இருந்திருக்கிறான். கேட்டால் தான் வெளியே போகக் கதவு திறந்துவிடும் என்று அவனுக்கும் தெரிந்தே இருந்தது.

"டாக்டர் என்ன சொன்னார்?" என்றாள் அக்கா.

"பி.பி. அதிகமாம். எடுக்கமாட்டாங்களாம்."

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். முக்காலியின் கீழ்த்தட்டிலிருந்து பி.பி. பார்க்கும் கருவியை எடுத்தாள்.

"கையை நீட்டு."

"வேணாம்கா, அங்கேயே பார்த்துட்டாங்க..."

"நீட்டுடா."

ஐம்பத்திரண்டு வயதுக்காரன் எதிரே உட்கார்ந்து சட்டைக் கையை மடித்து நீட்டினான். அவள் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, குழாயைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டாள். காற்று மெல்ல இறங்கியது. அட்டையை வாங்கி, வான்கோழியின் கடைசி வரிக்குக் கீழே எழுதினாள்: "இரண்டு நாற்பது. தம்பி. 124/80." அதை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

கையும் களவுமாகப் பிடிபட்டவன் தலையைக் குனிந்துகொண்டான். "பயமா இருக்குக்கா" என்றான்.

"தெரியும். உப்புப் போடறதுலேயே தெரியும்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கப்பல் எப்ப?"

"திங்கக்கிழமை காலைல."

"ம். அந்தக் கறி இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

"அரைமணி, முக்கால் மணி. மூடியைத் திறக்காம இருந்தா."

"அது ஒண்ணுதான்டா என்னால முடியாது" என்றாள்.

மூன்று மணி அடித்தது. அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. போர்வையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். ஊன்றுகோலைத் தொடாமல், சுவரில் ஒரு கையை வைத்து, அவன் கண்ணெதிரே நடந்தாள். படிக்குப் பக்கத்தில் ஒரு கணம் நின்றாள். அவனுடைய கை தானாக நீண்டது. அதை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். ஒரு படி. இன்னொரு படி. கீழே மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

"எழுபத்தொண்ணு!" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. வார்டு முழுக்கக் கேட்கும் அந்தப் பழைய மேட்ரன் குரல். "இன்னும் மூணு டிகிரிதான். நீ அங்க உட்கார்ந்து என்ன செய்யறே? கட்டிலுக்கு அடியில இருக்கு பாரு உன் பெட்டி, அதை எடுத்துத் துடை."

சொல்வதற்கு அவனிடம் ஒரு சாக்கும் மிச்சமில்லை. எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்தான்.