முப்பத்தொன்பது புள்ளி எட்டு

பெட்ரோல் பங்க் ரசீதின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தார்: 39.8. எங்கள் ஞாயிற்றுக்கிழமை பைக் குழுவின் செயலாளர் அந்தத் துண்டுத்தாளை இரண்டு விரலால் பிடித்து, பாலவாக்கம் டீக்கடை வாசலில் நின்ற ஒன்பது பேருக்கும் ஒவ்வொருவராகக் காட்டினார். “பாத்துக்கோங்கப்பா. சார் சொன்னது லிட்டருக்கு நாப்பத்தேழு. சார் வண்டி பெட்ரோல்ல ஓடலை, பேனாவுல ஓடுது.” ஒன்பது பேரும் சிரித்தார்கள். எண்ணினேன். ஏழு பேர் வாய்விட்டு, இரண்டு பேர் டம்ளருக்குள்.

நூற்றுப் பத்து கிலோமீட்டரை இரண்டே முக்கால் லிட்டரும் பத்து மில்லியும் கொண்டு வகுத்தால் 39.855 வரும். முறையாகச் சுருக்கினால் 39.9. அதிலும் ஒரு புள்ளியைத் தின்றிருந்தார். நான் முப்பத்தொரு வருடம் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் மாணவர்களின் அளவீட்டு நோட்டுகளைத் திருத்தியவன். பரிசோதனை செய்யாமலே விடையை எழுதிக் கொண்டுவருகிறவனுக்குப் பூஜ்யம் போட்டிருக்கிறேன். அவர்களில் ஒருவனுக்கு அந்த வருடமே வீணானது. அப்படிப்பட்ட என்னை, எழுபத்தொரு வயதில், எண்ணைக் கற்பனை செய்கிறவன் என்று ஒருவர் ஊருக்குமுன் நிறுத்திவிட்டார்.

அந்த நாற்பத்தேழு எனக்குச் சும்மா வரவில்லை. என் வண்டி வாங்கியபோது லிட்டருக்கு நாற்பத்துமூன்றுதான் கொடுத்தது. இப்போதைய வண்டிகளில் எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்பதை உள்ளே இருக்கும் கணினி முடிவு செய்கிறது. அதற்கும் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கும் நடுவில் சோப்புப் பெட்டி அளவில் ஒன்றை மாட்டினால், அந்த அளவை நாம் கைபேசியிலிருந்தே மாற்றலாம். திரையில் ஒரு கட்டம் போட்ட அட்டவணை வரும். ஒரு பக்கம் ஆக்ஸிலேட்டரை எவ்வளவு திருகியிருக்கிறோம், இன்னொரு பக்கம் என்ஜின் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் அறுபதிலிருந்து அறுபத்தைந்துக்குள் சீராகப் போகிறவனுக்கு அந்த அட்டவணையில் ஆறே கட்டங்கள்தான் வேலை செய்கின்றன. மற்றவற்றை நான் தொடவில்லை. வேகமெடுக்கும்போது என்ஜினுக்குத் தேவையான பெட்ரோலைக் குறைப்பது முட்டாள்தனம்; வண்டி சூடாகி வீணாகும்.

மயிலாப்பூரில் எனக்கு வாடிக்கையான மெக்கானிக் பாய்தான் பெட்டியை மாட்டிக்கொடுத்தார். முதல் இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது வாரம் பாய் கண்டுபிடித்தார். “சார், நீங்க கொறைக்கிறீங்க, உள்ள கீற கம்ப்யூட்டரு ஏத்திக்கினே கீது. சைலன்சர்ல ஒரு சென்சார் குந்திக்கினு கோள் மூட்டுது.” சென்சார் அனுப்பும் செய்தியையும் பெட்டி வழியாகத் திருப்பிவிட்ட பிறகுதான் என் குறைப்பு நிலைத்தது. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சதவீதம். பத்தாவது சதவீதத்தில் வண்டி விக்கல் எடுத்தவன்போல இழுத்து இழுத்துப் போனது. ஒன்பதுக்குத் திரும்பினேன். என்ஜின் சூட்டையும் பிளக்கின் நிறத்தையும் குறித்துக்கொண்டே வந்தேன். பதினான்கு ஞாயிறு. நாற்பத்தேழு.

செயலாளருக்கும் அதே வண்டி. ஒரு கம்பெனியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். மைலேஜ் பேச்சு வந்தால் தான் சொல்வதே கடைசி என்று பதினோரு பேர் குழுவைப் பழக்கி வைத்திருந்தார். அவர் வண்டி நாற்பத்துமூன்றில் நின்றது. சோதனை வைக்கலாம் என்று அவரே சொன்னார். பாலவாக்கம் பங்க்கில் டேங்க்கை விளிம்புவரை நிரப்புவது, தெற்கே ஐம்பத்தைந்து கிலோமீட்டர் போய்த் திரும்பி அதே பங்க்கில் மறுபடி விளிம்புவரை நிரப்புவது. போடும் பெட்ரோல்தான் செலவான பெட்ரோல். கிளம்புமுன் நான் கழிப்பறைக்குப் போனேன். இந்த வயதில் போகாமல் கிளம்ப முடியாது. “நீங்க போய்ட்டு வாங்க சார், நடுநிலையா நானே நின்னு ஊத்தறேன்” என்றார்.

அன்று மாலை குழுவின் வாட்ஸப்பில் யாரோ போட்ட படத்தில்தான் பார்த்தேன். பெட்ரோல் குழாய் என் டேங்க்குக்குள் இருக்கிறது. வண்டி சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கிறது. சாய்ந்த டேங்க்கில் ஒரு பக்கம் காற்று தங்கிவிடும், சீக்கிரம் விளிம்பு தட்டும். திரும்பி வந்தபோது எல்லோர் முன்னாலும் சென்டர் ஸ்டாண்டில் நிமிர்த்தி, சொட்டுச் சொட்டாக நிரப்பினார். வீட்டில் அளவு ஜாடி வைத்து இரண்டு விதமாகவும் ஊற்றிப் பார்த்தேன். வித்தியாசம் நானூற்று இருபது மில்லி. அதைக் கழித்தால் சரியாக நாற்பத்தேழு.

அடுத்த ஞாயிறு படத்தையும் கணக்கையும் காட்டினேன். “சாஞ்சா என்ன சார், அரை டம்ளர் வருமா?” என்றார் செயலாளர். மற்றவர்கள், “விடுங்க சார், டீ ஆறுது” என்றார்கள். விடவில்லை. குழுவை விட்டுப் போகவும் இல்லை. சாட்சிகள் அங்கேதான் இருந்தார்கள். முதல் வருடம் ஒன்பது பேரில் மந்தைவெளிக்காரர் மாரடைப்பில் போனார். அடுத்து, டம்ளருக்குள் சிரித்த இருவரில் ஒருவர். மூன்றாமவர் இருக்கிறார், ஆனால் மனைவியையே யார் என்று கேட்கிறார். மூன்று பேரும் என்னைப் பொய்யன் என்று நம்பியபடியே போய்விட்டார்கள். மீதம் ஆறு.

பிறகு ஒருநாள் காலை பாய் போன் செய்தார். “சார், உங்க செகரட்டரி வந்துகீறாரு. சார் வண்டிக்குப் போட்ட அதே பெட்டி வேணும்ன்றாரு. உங்களாண்ட சொல்லக்கூடாதாம்.”

“போட்டுக் குடுங்க பாய். நம்பரை நான் போடறேன்னு சொல்லுங்க.”

“இன்னா சார், நெஜமாவா? நாலு வருசமா அந்தாளைத் திட்டிக்கினு இருந்தீங்களே.”

செயலாளரிடம் ஒரே நிபந்தனை வைத்தேன்: அதே பங்க்கில், ஆறு பேர் முன்னால், அன்று செய்ததைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் யோசித்தார். நாற்பத்தேழின் மேல் இருந்த ஆசை வென்றது. வேலையில் நான் வஞ்சகம் செய்யவில்லை. ஏழு ஞாயிறு அவர் வண்டியை நானே ஓட்டி, அவர் என்ஜினுக்கு ஏற்ப ஆறு கட்டங்களையும் சரிசெய்தேன். சோதனையில் 47.4 வந்தது. என்னுடையதைவிடக் கூட.

டீக்கடை வாசலில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “நாலு வருஷம் முன்னால சார் வண்டிய சைடு ஸ்டாண்டுல போட்டு ஊத்தினேன். தெரிஞ்சேதான் செஞ்சேன். சார் சொன்ன நாப்பத்தேழு சரி.”

ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “எந்த வண்டிய?” என்றார் ஒருவர். “சோதனையா? அப்படி ஒண்ணு நடந்துதா?” என்றார் இன்னொருவர். மூன்றாமவர் வடை சூடாக இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டார். செயலாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “சொல்லிட்டேன் சார். கணக்கு தீந்துது இல்ல?”

அந்தச் சிரிப்போடு அவர் கை கழுவப் போனார். அவர் வண்டிச் சாவி ஆன் செய்தபடியே இருந்தது. பெட்டியின் கடவுச்சொல் என் கைபேசியில் இருக்கிறது. ஆறு கட்டங்களையும் பூஜ்யமாக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வண்டிக்கு ஒரு தீங்கும் இல்லை. கம்பெனியிலிருந்து வந்தபடி ஓடும். நாற்பத்துமூன்று.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் அவர் புலம்புகிறார். பெட்ரோலில் கலப்படம் என்கிறார், டயரை மாற்றினார், செயினை மாற்றினார், பங்க்கை மாற்றினார். பாய்க்குச் சந்தேகம் உண்டு, கேட்கவில்லை. இதை அவர் படித்தாலும் எனக்குக் கவலையில்லை, கடவுச்சொல் மாறாது. நான் பொய்யனாக இருந்தது ஐம்பது மாதம். அவர் வண்டி நாற்பத்துமூன்றில் ஓடத் தொடங்கி இந்த ஞாயிறோடு ஏழு மாதம் முடிகிறது. இன்னும் நாற்பத்துமூன்று மாதம் இருக்கிறது.