போனக்காட்டில் பதிவான மௌனம்

இது நடந்தது. போன வருஷம், ஜூன் மாதத்து இடவப்பாதி மழை தொடங்குவதற்கு முந்திய வாரத்தில். இதில் வருகிறவர்கள் எல்லாரும் இன்றும் திருவனந்தபுரத்தில் வேலைக்கும் படிப்புக்கும் போய் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். நம்பாதவர்களோடு சண்டை இல்லை. சுஜா பொய் சொல்லுகிற பெண் அல்ல என்பதை மட்டும் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

சுஜாவின் அப்பா பேச்சிமுத்து, சாலைக் கடைத்தெருவில் ஓர் ஓட்டலில் பரோட்டா போடுகிறவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். மகள் மீடியா படிக்கிறாள், முதல் வருஷம். கேமரா பிடிப்பதும், எடுத்ததை வெட்டி ஒட்டுவதும்தான் அந்த வருஷத்துப் பாடம். ஒருவரை உட்காரவைத்து மூன்று நிமிடப் பேட்டி ஒன்று எடுத்து வரச் சொல்லியிருந்தார் பத்மகுமார் சார்.

அப்பாவோடு வேலை பார்க்கும் செல்வகணேஷ், போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். அவன் அம்மா சுடலைமாடத்தி, புருஷன் இறந்த பிறகும் அங்கேதான், தோட்டத் தொழிலாளர்களுக்கான ஒரு பழைய லயத்து வீட்டில், தனியாக இருந்தாள். சுஜா அவளைப் படம் எடுக்கட்டுமா என்று கேட்டாள்.

"எடு, தங்கச்சி. கூடவே எனக்கு ஒண்ணு செய்யி. கீழ வரச் சொல்லு. பின்பக்கச் சுவர் வெடிச்சு நிக்குது. இடவப்பாதி வந்தா அது நிக்காது."

"நீங்க சொல்லலையா அண்ணே?"

"நான் சொன்னா 'போலே, உன் வேலையைப் பாரு'ங்கும். நீ வெளி ஆளு. ஒருவேளை கேக்கும்."

சுஜா சரி என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் அவளைச் சும்மா இருக்க விடவில்லை.

கேமராவுக்குப் பிபின் வந்தான். பாறசாலைக்காரன், கூடப் படிப்பவன். விதுராவிலிருந்து மேலே ஏறும் பஸ்ஸில் அவன் வாய் ஓயவில்லை.

"எடீ, போனக்காடுன்னா ஆளுக பேய் பங்களா எடுக்கத்தான் வருவாங்க. நீ மட்டும்தான் ஒரு சேச்சியை எடுக்க வந்திருக்க."

"பேய் பேட்டி குடுக்காதுல்லா."

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

சுடலைமாடத்திக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, தோளில் சாம்பல் நிறக் கம்பளி. சுஜா கொண்டுபோன பழத்தையும் ரஸ்க்கையும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பால் இல்லாத கட்டஞ்சாயா போட்டாள். மூன்று பேர் இருந்தார்கள். நான்கு டம்ளரில் ஊற்றினாள்.

நான்காவது டம்ளரைச் சுவரோரத்து முக்காலியில் வைத்தாள். பிபின் அதற்கும் கையை நீட்டினான்.

"அது வேண்டாம், தம்பி. உனக்கு வேற தாரேன்."

பேட்டி எடுக்கும்போது கேட்பவர் கேமராவுக்கு ஒரு பக்கமாக, ஒட்டி உட்கார வேண்டும். பதில் சொல்பவர் அவரைப் பார்த்துத்தான் பேச வேண்டும். அப்போதுதான் பார்வை சரியாக விழும். முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்த பாடம். சுஜா கேமராவுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள்.

சுடலைமாடத்தி வலப்பக்கம் பார்த்துப் பேசினாள்.

"அம்மா, என்னைப் பார்த்துச் சொல்லுங்க."

பார்ப்பாள். இரண்டு வாக்கியம். பிறகு கண் மெல்ல நழுவி அந்தப் பக்கமே போய்விடும். முக்காலி இருந்த பக்கம்.

"சாரமில்ல எடீ, பரவால்ல, நான் ஃப்ரேமை மாத்திக்கிறேன்" என்றான் பிபின்.

கொழுந்து கிள்ளிய காலம், கூலி, அட்டைக்கடி, மழை... எல்லாம் நன்றாகவே சொன்னாள். நடுநடுவே ஏதோ முனகினாள். வாசலில் ஒரு கோழி நின்றது. கோழியோடு பேசுகிறாள் என்று சுஜா நினைத்துக்கொண்டாள். கடைசியில் தைரியம் கூட்டி, "கீழ வந்திருங்கம்மா, அண்ணன் ரொம்பக் கவலைப்படுது" என்றாள்.

"பொறவு பார்க்கலாம், பிள்ளே."

அவ்வளவுதான் பதில்.

கிளம்பும் முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. ஒவ்வோர் அறைக்கும் ஒரு மௌனம் உண்டு. ஓர் அறையின் மௌனம்போல இன்னோர் அறையின் மௌனம் இருக்காது. பேட்டியில் கேள்விகளை வெட்டி எடுத்தால் அந்த இடம் குழிபோலத் தெரியும். அந்தக் குழியை நிரப்ப, எடுத்த அறையிலேயே ஒரு நிமிடம் யாரும் பேசாமல் நின்று, வெறும் மௌனத்தைப் பதிவு செய்துகொள்வார்கள்.

"யாரும் பேசலைன்னா என்ன சத்தம் வரும்?" என்றாள் சுடலைமாடத்தி.

"அந்தச் சத்தம்தான் வேணும்மா."

நின்றார்கள். பிபின் மூச்சைக்கூட அடக்கினான். கோழியும் சும்மா இருந்தது. அந்த ஒரு நிமிடமும் சுடலைமாடத்தி முக்காலியைப் பார்த்துச் சிரித்தபடி, மாட்டேன் என்பதுபோலத் தலையசைத்துக்கொண்டிருந்ததை சுஜா கவனித்தாள்.

கவனித்தாள். கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, கல்லூரி எடிட்டிங் அறையில் உட்கார்ந்தாள். விளக்கு வைக்கும் நேரம். வெளியே மழை வராத புழுக்கம். சாயா வாங்க பிபின் கீழே போயிருந்தான். மற்ற கம்ப்யூட்டர்களில் யாரும் இல்லை.

தன் கேள்விகளை ஒவ்வொன்றாக வெட்டினாள். பதில்களை வரிசையாக அடுக்கினாள்.

பதில்கள் மிஞ்சின.

எண்ணிப் பார்த்தாள். அவள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் இருந்தது. அதற்கு மேலும் நாலைந்து துண்டுகள். கோழியோடு பேசியதாக நினைத்த முனகல்கள்தான். சத்தத்தைக் கூட்டிக் கேட்டாள்.

"சாப்பிட்டாச்சு."

"இந்தக் கம்பளி போதும்."

இதை யார் கேட்டார்கள்? சுஜா கேட்கவில்லை. பிபினும் கேட்கவில்லை. கோழியிடம் யாரும் கம்பளியைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள்.

சரி, தனியாக இருக்கிறவள், தனக்குள்ளே பேசிக்கொள்கிறாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். வேலை முடிய வேண்டும். அந்த ஒரு நிமிட மௌனத்தை இழுத்துத் திறந்தாள்.

மௌனத்தில் சத்தத்தின் அளவைக் காட்டும் பச்சைக் கோடு ஏறக்குறைய அசையாமல் கிடக்கும்.

அது அசைந்தது.

கொஞ்சம் எழுந்தது... அடங்கியது... மறுபடி எழுந்தது. மூச்சுவிடுவதுபோல.

ஹெட்போனை இறுக்கி மாட்டினாள். சத்தத்தை மேலே ஏற்றினாள். 'ஸ்ஸ்...' என்ற இரைச்சல். தகரக் கூரையில் காற்று. எங்கோ ஒரு பறவை.

அதற்கு அடியில்...

ஒரு குரல்.

ஆண் குரல். மிக மெதுவாக. பேசிப் பழகாதவன் பேசுவதுபோல, ஒவ்வோர் எழுத்தாகத் தடவித் தடவி.

சொற்கள் பிடிபடவில்லை. ஆனாலும் கை பழகிய வேலையைச் செய்தது. மௌனத்தை எடுத்துப் பேட்டிக்கு அடியில், மிஞ்சிய அந்த முனகல் துண்டுகளை வரிசையாக வைத்திருந்த இடத்தில், பாடத்தில் சொன்னபடி விரித்துப் போட்டது.

ஓடவிட்டாள்.

"சா...ப்பிட்டியா?"

"சாப்பிட்டாச்சு" என்றாள் திரையில் சுடலைமாடத்தி.

"குளி...ருதா?"

"இந்தக் கம்பளி போதும்."

பேட்டி எடுத்தது முதலில். மௌனம் எடுத்தது பிறகு. இரண்டும் வேறு வேறு நேரம். ஆனால் ஒவ்வொரு கேள்வியும் ஒவ்வோர் இடைவெளியில் போய் விழுந்தது. கொஞ்சமும் பிசகாமல்.

"இது... யாரு?"

"நம்ம பய கூட வேலை பாக்கிறவரு மக."

"உன்னைக் கூப்பிட... வந்திருக்காளா?"

"ஆமா. நான் எங்க போறேன்? போகல."

அதற்குப் பிறகு பதில்கள் இல்லை.

மௌனம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

திரையில் சுடலைமாடத்தியின் கண் முக்காலியை விட்டு மெல்லத் திரும்பியது. இடப்பக்கம். சுஜா உட்கார்ந்திருந்த பக்கம்.

"பிள்ளே..." என்றது அந்த ஆண் குரல்.

சுஜா ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள்.

"நான் சொன்னா... கேக்க மாட்டா. நீ... கூட்டிட்டுப் போ."

'ஸ்ஸ்...'

"சுவரு... நிக்காது."

தோளில் ஒரு கை விழுந்தது.

கத்திவிட்டாள்.

பிபின்தான். கையில் சாயா. "எந்தா எடீ, முகமெல்லாம் வெளுத்துப் போயிருக்கு?"

ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தாள். அவன் கேலியாகத்தான் மாட்டினான். பாதியில் சிரிப்பு போயிற்று. முடிந்ததும் கழற்றிக் கீழே வைத்தான்.

"கர்த்தாவே... ஓஃப் செய், எடீ. ஓஃப் செய்."

அன்று சுஜா தூங்கவில்லை. பயம் பாதி, மீதி பாதி வேறு. செத்தவர் ஒருவர் தன்னை நம்பி ஒரு வேலையை ஒப்படைத்திருக்கிறார். உயிரோடு இருப்பவர்கள் சொன்னாலே நாம் நாளைக்கு என்று தள்ளுகிறோம். இதைத் தள்ள அவளுக்கு மனம் வரவில்லை. விடிந்தும் விடியாமலும் செல்வகணேஷை எழுப்பினாள். குரலைப் பற்றி மூச்சுவிடவில்லை. "இன்னைக்கே கூட்டிட்டு வந்திரணும் அண்ணே" என்றாள். அவள் முகத்தைப் பார்த்து அவனும் மேலே கேட்கவில்லை. பிபினும் வந்தான். வழியெல்லாம் அவன் உதடு ஜெபம் சொல்லிக்கொண்டே இருந்தது.

"மறுபடியும் கேமராவா?" என்றாள் சுடலைமாடத்தி, வாசலில் நின்று.

"கேமரா இல்லம்மா. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போக வந்தேன்."

"எங்கிட்டயா?"

"உங்ககிட்ட இல்ல."

சுஜா உள்ளே போய் அந்த முக்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். முக்காலியில் ஆறிப்போன கட்டஞ்சாயா இருந்தது.

"பெரியப்பா... அம்மாவைக் கூட்டிட்டுப் போறோம். நீங்களும் வாங்க. அண்ணன் வீடு சின்னதுதான். ஆனாலும் உங்களுக்கு இடம் இருக்கு."

திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் ஊரைவிட்டு வரும்போது, சுடலைமாடசாமி பீடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்து, போன இடத்தில் பீடம் போட்டுக் கும்பிடுவார்கள். பிடிமண் என்பார்கள். மண்ணோடு சாமியும் வரும். சாமிக்குச் செய்வதை மனுஷனுக்குச் செய்யலாமா என்று சுஜாவுக்குத் தெரியாது. அன்போடு செய்தால் கடவுள் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைத்தாள். முக்காலி பக்கத்தில் சிமென்ட் பெயர்ந்த இடத்திலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளித் தன் ஷால் முனையில் முடிந்துகொண்டாள்.

சுடலைமாடத்தி முக்காலியைப் பார்த்தாள். ஷால் முடிச்சைப் பார்த்தாள். மறுபடி முக்காலியைப் பார்த்தாள். அங்கே இப்போது ஒன்றும் இல்லை என்பதுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏல செல்வகணேஷ்."

"அம்மா?"

"நிக்கியே, கோழியைப் பிடி."

அன்று சாயங்காலம் இடவப்பாதி இறங்கியது. மறுநாள் மேலேயிருந்து தகவல் வந்தது. பின்பக்கச் சுவர் உள்பக்கமாகச் சாய்ந்து, அவள் படுக்கும் கட்டில்மேல் கிடக்கிறதாம்.

சுஜா படத்தைக் கொடுத்துவிட்டாள். கேள்விகளை வெட்டிய குழிகளில் வேறு ஓர் அறையின் மௌனத்தை நிரப்பியிருந்தாள். பத்மகுமார் சார் கேட்டவுடனே கண்டுபிடித்துவிட்டார். இது அந்த அறையின் மௌனம் இல்லையே என்றார். மார்க் குறைந்தது. அவள் வாதாடவில்லை.

ஒரு வாரம் கழித்துப் படத்தைக் காட்ட, கரமனை ஆற்றோரத்தில் செல்வகணேஷ் இருந்த வாடகை வீட்டுக்குப் போனாள். சுடலைமாடத்தி தன் முகத்தைத் திரையில் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் தைரியம் வந்து, அன்று முக்காலியில் பெரியப்பா இருந்தது தனக்குத் தெரியும் என்று சுஜா சொல்லிவிட்டாள்.

சுடலைமாடத்தி ஆச்சரியப்படவில்லை.

"அவரு அங்கதான் இருந்தாரு, பிள்ளே. தினமும்தான் வருவாரு. சாப்பிட்டியான்னு கேட்டாரு, குளிருதான்னு கேட்டாரு. கடைசியில உன் பக்கமாக் கையைக் காட்டினாரு. நான்தான் கண்டுக்கிடாத மாதிரி இருந்துட்டேன்."

"பெரியப்பா குரல் எப்பவும் அப்படி மெதுவாத்தான் இருக்குமா, அம்மா?"

"எந்தக் குரலு?"

சுஜா செல்வகணேஷைப் பார்த்தாள். அவன் முகம் மாறியிருந்தது.

"தங்கச்சி... அப்பா பிறவி ஊமை."

அவன் தன் காதைத் தொட்டுக் காட்டினான்.

"காது கேக்கும். பேச்சு வராது. எல்லாம் கை ஜாடைதான். கடைசி வரைக்கும்."

"அவரு கையாலதான் கேட்டாரு" என்றாள் சுடலைமாடத்தி மெல்ல. "அன்னைக்கும் கையாலதான். சத்தம் ஒண்ணும் நான் கேக்கல."

சுஜாவின் பையில் ஹெட்போன் இருந்தது. லேப்டாப்பில் அந்த ஒரு நிமிடமும் இருந்தது. எடுக்கவா வேண்டாமா என்று அவள் தயங்குவதற்குள் சுடலைமாடத்தி கையை நீட்டிவிட்டாள்.

மாட்டிக்கொண்டாள். கண்ணை மூடினாள்.

ஒரு நிமிடம் ஓடி முடிந்தது.

"அம்மா..." செல்வகணேஷ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அப்பாவா?"

"எனக்கு எப்படிலே தெரியும்? முப்பது வருஷத்துல ஒரு நாளாவது கேட்டிருக்கேனா?"

கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"இன்னொரு தடவை போடு, பிள்ளே."