துப்புகிற சத்தம்

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா மிக்ஸியைப் போடவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் அது. அப்பாவின் கூட்டாளிகள் இரண்டு பேர் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். நண்டுக் குழம்புக்குத் தேங்காயைத் துருவி வைத்துவிட்டு, அரைக்காமலே அம்மா நின்றாள். மிக்ஸி ஓடினால் முன்னறையில் நடப்பது கேட்காது. அம்மாவுக்கும் எனக்கும் அன்று ஒரே ஒரு சத்தம் கேட்டாக வேண்டும். அப்பா வாயிலிருந்து வைனைத் துப்புகிற சத்தம்.

என் அப்பா செபாஸ்டின் உல்லாசக் கப்பலில் வேலை பார்க்கிறார். எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் கப்பலில்தான். அப்பா முதலில் சாப்பாட்டு அறையில் வைன் பரிமாறுகிறவராக இருந்தார். எந்த மீனுக்கு எந்த வைன் என்று வெள்ளைக்காரர்களுக்கே சொல்வாராம். முகர்ந்து பார்த்தே அது எந்த நாட்டுச் சரக்கு என்று சொல்லிவிடுவாராம். பிறகு மேஜையில் மிஞ்சியதைக் குடிக்க ஆரம்பித்தார். ஒருநாள் ஊதிக் காட்டச் சொன்னபோது மாட்டிக்கொண்டார். ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே ஏதோ ஒரு துறைமுகத்தில் இறக்கி, விமானத்தில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஊரில் அவர் இருந்த இருப்பு இப்போதும் எனக்குக் கனவில் வரும். சாயங்காலம் கப்பலின் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒயின்ஷாப் பாருக்குப் போவார். முன்கையில் துண்டை மடித்துப் போட்டு, முன்பின் தெரியாத ஆட்களுக்குக் குனிந்து பிராந்தி ஊற்றுவார். அவர்கள் சிரித்துவிட்டு அவருக்கும் ஒரு கிளாஸ் கொடுப்பார்கள். என்கூடப் படித்த பெண்ணின் அண்ணன் அதை வீடியோ எடுத்தான். அது எங்கள் வகுப்பு முழுக்கச் சுற்றியது. அப்பாவும் அதைப் பார்த்துவிட்டார். யார் காட்டியது என்று தெரியாது. குடியை விட்டவர்கள் கூடுகிற கூட்டம் ஒன்றை நாசரேத்தில் எஸ்றா அண்ணாச்சி நடத்துகிறார். அப்பா அங்கே போகத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

அதோடு குடி நின்றது. வேறொரு கப்பலில் அறைகளைச் சுத்தம் செய்கிற வேலை கிடைத்தது. அதுவே நிம்மதி என்பார். ஆனால் வீட்டில் திராட்சை வாங்கினால், ஒன்றை எடுத்துக் கண்ணை மூடி முகர்ந்துகொண்டே இருப்பார். நான் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிடுவேன்.

இந்தத் தடவை அவர் லீவில் வந்திருந்தபோது கப்பல் கம்பெனியிலிருந்து போன் வந்தது. வைன் பரிமாறுகிற பழைய வேலைக்கே வருகிறாயா என்று கேட்டார்கள். அம்மா வேண்டாம் என்றாள்.

“முழுங்கணும்னு இல்ல டெல்மா. வாயில வச்சு ருசி பாத்துட்டுத் துப்பிரலாம். என்னால முடியுதான்னு ஒரே ஒரு தடவ பாத்துக்கிடுதேன்,” என்றார் அப்பா.

“அப்பம் நம்ம வீட்டுல வச்சுப் பாருங்க. என் காதுக்குக் கேக்கணும்,” என்றாள் அம்மா.

அப்படித்தான் அன்று அவர்கள் வந்தார்கள். அனிஷ் மாமா அப்பாவோடு கப்பலில் இருந்தவர். அவர்தான் மூன்று சிவப்பு வைன் கொண்டுவந்தார். பெவின் மாமா துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்கிறார், சின்ன வயதிலிருந்து கூட்டாளி. அவர் மனைவி கிறிஸ்துமஸுக்குப் பீங்கான் பரணியில் ஊறப்போட்ட வைனை ஒரு பாட்டிலில் கொண்டுவந்தார். எது எது என்று தெரியாதபடி நான்கு பாட்டில்களுக்கும் அனிஷ் மாமா பேப்பரைச் சுற்றினார்.

“ஏலே, கண்ணக் கட்டணும்னுதான சொன்னே? பாட்டிலுக்கு எதுக்குலே கட்டுத?” என்றார் பெவின் மாமா.

“பாட்டிலத்தாம்லே மறைக்கணும். இது என்ன கண்ணாமூச்சியா?”

“இவன் கள்ளன். நெறத்தப் பாத்தே சொல்லிருவான்.”

சொல்லிக்கொண்டே பெவின் மாமா துண்டை எடுத்து அப்பாவின் கண்ணை இறுக்கிக் கட்டினார். அப்பா சிரித்தார். அந்த வீடியோவில் இருந்ததும் இதே சிரிப்புதான். அடுக்களைத் திரையை விரல் அளவு விலக்கி நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பார்க்கவில்லை. சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

முதல் கிளாஸ். அப்பா முகர்ந்தார். வாயில் வைத்துக் கொப்பளிப்பதுபோல உருட்டினார். காலடியில் இருந்த பிளாஸ்டிக் வாளியைத் தடவி எடுத்துத் துப்பினார்.

“சிலி நாட்டுது.”

“சரிதாம்லே,” என்றார் அனிஷ் மாமா.

இரண்டாவது கிளாஸ் வாயில் கொஞ்சம் அதிக நேரம் இருந்தது. பிறகு துப்பினார். அம்மா மூச்சை விட்டாள்.

“காசு குடுத்து வாங்குனத வாளிக்குல்லா ஊத்துதான்,” என்றார் பெவின் மாமா. “அந்த வாளி இன்னும் கொஞ்ச நேரத்துல டான்ஸ் ஆடும், பாரு.”

மூன்றாவது அவர் வீட்டு வைன். அப்பா அதை வாயில் ஊற்றியதும் பெவின் மாமா அனிஷ் மாமாவைப் பார்த்துக் கண்ணடித்தார். சத்தம் வராமல் வாளியைத் தூக்கித் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

அப்பா குனிந்து கையை நீட்டினார். கை தரையைத் தொட்டது. இடது பக்கம் தடவினார், வலது பக்கம் தடவினார். கன்னம் உப்பியிருந்தது. ஓடிப்போய் அவர் வாய்க்குக் கீழே என் இரண்டு கையையும் ஏந்த வேண்டும் என்று இருந்தது. திரையைப் பிடித்தபடியே நின்றேன். “வாளி” என்றுகூடக் கத்தவில்லை.

“ஏளா, சத்தத்தக் காணோம்?” என்று அம்மா சுவரைப் பார்த்தபடியே என்னிடம் கேட்டாள்.

அப்பாவின் தொண்டை ஏறி இறங்கியது.

முன்னறையில் பெவின் மாமா தொடையைத் தட்டிச் சிரித்தார். “எம் பொண்டாட்டி போட்டதத் துப்ப விட்ருவனா? ஒரு வாயில என்னலே ஆயிரப் போவுது?”

“கிராம்பு கூடிப்போச்சு,” என்றார் அப்பா மெதுவாக. துண்டை அவிழ்த்தார். “இந்தா வாரேன்.”

அடுக்களைக்குள் வந்தவர் அம்மாவின் பக்கத்தில் நின்றார்.

“முழுங்கிட்டேன் டெல்மா.”

“தெரியும்.”

“பெவினு வாளிய எடுத்துட்டான். ஆனா தரையில துப்பியிருக்கலாம். எந்திச்சு இங்கன வந்திருக்கலாம். நான் வரல.”

அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். “எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு,” என்றார். “அதாம் பயமா இருக்கு.”

குடித்த காலத்தில் அவர் ஒருநாளும் பயம் என்று சொன்னதில்லை. குடித்தேன் என்றுகூடச் சொன்னதில்லை. இன்று சொல்லிவிட்டார். அது நல்லதா கெட்டதா என்று எனக்குப் புரியவில்லை.

“ஏலே செபாஸ்டின், நாலாவது காத்துக் கெடக்கு,” என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது.

அப்பாவின் தலை சட்டென்று அந்தப் பக்கம் திரும்பியது. வேறு எதுவும் நடக்கவில்லை, தலை மட்டும்தான் திரும்பியது. ஆனால் அன்று முழுவதிலும் நான் அதிகம் பயந்தது அதற்குத்தான். அம்மாவும் பார்த்துவிட்டாள். அடுப்பை அணைத்துவிட்டுத் திரைக்கு முன்னால் போய் நின்றாள்.

“எஸ்றா அண்ணாச்சிட்ட போங்க. இப்பமே.”

“செருப்பு முன்வாசல்ல கெடக்கு.”

“செருப்பு ஒண்ணும் வேண்டாம். பொறவாசல் வழியா போங்க. மக்கா, நீயும் போ. கைய விட்ராத.”

அப்பா அம்மாவின் பாத்ரூம் செருப்பை மாட்டிக்கொண்டார். குதிகால் வெளியே நின்றது. சந்து வழியாகப் போனால் பஸ் நிறுத்தம் பக்கம், ஆனால் நடுவில் ஒயின்ஷாப் இருக்கிறது. நான் சுற்றுவழியில் கூட்டிப்போனேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு, “அந்த வேல வேண்டாம்னு கம்பெனிக்குச் சொல்லிரணும். நான் ரூம் துடைக்கவே போறேன்,” என்றார்.

பஸ்ஸில் அவரை ஜன்னலோரம் உட்கார வைத்து, நான் வழிப் பக்கம் உட்கார்ந்தேன். அப்பா போனை எடுத்து எஸ்றா அண்ணாச்சியிடம், “வாரேன் அண்ணாச்சி, மக கூட வாரா,” என்று மட்டும் சொன்னார். அவர் வாயிலிருந்து கிராம்பு வாசனை வந்தது. வண்டி நின்ற ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் கையை இன்னும் இறுக்கினேன்.

நாசரேத்துக்குப் போகிற வழியில் ஏரல் பக்கம் வரும்போது, “வலிக்கி மக்கா, விடு,” என்றார்.

நான் விடவில்லை.