வேப்பிலை செருகிய நான்கு நாட்கள்

திங்கட்கிழமை காலை ஆறு இருபதுக்கு என் மனைவி கண்ணாடி முன்னால் நின்று என்னைக் கூப்பிட்டாள். நெற்றியிலும் மூக்கின் இரு பக்கமும் கழுத்துக்குக் கீழேயும் சிவந்த பருக்கள். சிலவற்றில் சீழ் கோத்திருந்தது.

"இந்த வயசுல எனக்குப் பருவாங்க? பதினாறு திரும்புது போல."

நான் சிரிக்கவில்லை. அவளுக்குக் கணையத்தில் புற்றுநோய். கட்டி ரத்தக்குழாயைச் சுற்றிப் பிடித்திருந்ததால் அறுவை செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வாரம் ஒரு ஊசி, வாரத்தில் ஐந்து நாள் கதிர்ச் சிகிச்சை, தினமும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. கதிர்ச் சிகிச்சையை ஊரில் கரண்ட் வைப்பது என்பார்கள். மூன்றும் விடாமல் சேர்ந்து நடந்தால் கட்டி சுருங்க வாய்ப்புண்டு என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காக நீடாமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தோம். மாத்திரை ஆரம்பித்துப் பத்து நாள் ஆகியிருந்தது.

பக்கத்து வீட்டிலிருந்து என் அக்கா வந்தாள். வாசற்படியைத் தாண்டாமல் எட்டிப் பார்த்தாள்.

"அம்மை வார்த்திருக்குடா. மருந்து மாத்திரை ஒண்ணும் குடுக்காத. வெளிய கூட்டிட்டுப் போகாத. மீறுனா கோவம் புள்ள மேல எறங்கும்."

பள்ளியில் கணக்கு நடத்துகிறவன் நான். அக்கா சொன்னதை முழுதாக நம்பவில்லை. ஆனால் மகளுக்குப் பிளஸ் டூ பரீட்சைக்கு ஏழு நாள்தான் இருந்தது. "புள்ள மேல" என்ற சொல்லுக்குப் பிறகு எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. ஏழு மணிக்கெல்லாம் மகளை மன்னார்குடியில் அவள் மாமா வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டு, வாசலில் வேப்பிலை செருகினேன்.

"மொகத்துல ஏதோ வரும்னு டாக்டர் சொன்னாரேங்க?" என்றாள் மனைவி.

சொல்லியிருந்தார். பரு மாதிரி வரும், பயப்படாதீங்க, வந்தால் போன் பண்ணுங்க என்று. அப்போது நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் காதில் விழுந்திருந்தது.

"அது வேற" என்றேன்.

"சரி, பாப்பா பரீட்சை எழுதட்டும்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

தஞ்சாவூர் போகவில்லை; புற்றுநோய் மாத்திரையோடு வலி மாத்திரையையும் சேர்த்துத்தான் நிறுத்தினேன். முழங்காலை வயிற்றோடு மடக்கி, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்துக் கிடந்தாள். நான் கேட்டபோதெல்லாம் பரவாயில்லை என்றாள். விட்டுப்போன நான்கு நாள் கரண்டைப் பிறகு கடைசியில் சேர்த்து வைத்தார்கள். நடுவில் விட்டதால் என்ன கெட்டது என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார் டாக்டர். அடுத்த ஸ்கேன் இன்னும் எடுக்கவில்லை.

செவ்வாயன்று கதிர்ச் சிகிச்சைப் பிரிவின் நர்ஸ் போன் செய்தார்.

"ஏன் சார் வரல? அம்மாவுக்கு மொகத்துல ஏதாவது வந்திருக்கா?"

"இல்லைங்க. பஸ்ஸ விட்டுட்டோம்."

வந்திருக்கிறது என்றால் உடனே கிளம்பி வரச் சொல்வார்கள். புதன்கிழமை காய்ச்சல் என்றேன். வியாழக்கிழமை போனை எடுக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை மன்னார்குடி பஸ்ஸில் மகள் வந்து இறங்கினாள். மருத்துவமனைக் கோப்பில் இரண்டாவது எண்ணாக அவளுடையதைத்தான் கொடுத்திருந்தேன். தலைகூட வாரவில்லை. நேரே உள்ளே போய் அம்மாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது அம்மை இல்லப்பா. அந்த மாத்திரையாலதான் இருக்கும்னு நர்ஸ் அக்கா சொன்னாங்க. உங்ககிட்ட முன்னாடியே சொன்னாங்களாமே?"

"சொன்னாங்க."

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். அலமாரியிலிருந்து அம்மாவுக்கு ஒரு புடவையை எடுத்தாள்.

"காரக் கூப்பிடுங்க. பஸ்ல அம்மாவால உக்கார முடியாது" என்றாள். புடவையை உதறியபடியே, "எனக்காகத்தான் நிறுத்துனேன்னு மட்டும் அங்க போய்ச் சொல்லாதீங்கப்பா" என்றாள்.